மோட்டாரின் தலையெழுத்து

சங்கரன்கோவிலில் புதிதாகக் கார் வாங்குகிறவர்கள் வண்டியை முதலில் கோவில் வாசலுக்குத்தான் கொண்டு வருவார்கள். சிவனும் திருமாலும் பாதி பாதியாக ஒரே திருமேனியில் நிற்கும் சங்கரநாராயணருக்கும், கோமதி அம்மனுக்கும் அர்ச்சனை செய்வார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவார்கள். பிறகு சந்தனமும் குங்குமமும் இடவேண்டும் அல்லவா? எங்கே இடுவது? மனிதனுக்கு நெற்றி இருக்கிறது. மோட்டாருக்கு நெற்றி எது? இந்தச் சிக்கலான கேள்விக்கு எங்கள் ஊர் ஜனங்கள் தயக்கமில்லாமல் விடை கண்டிருக்கிறார்கள். நம்பர் பலகைதான் நெற்றி!

அப்படி ஒரு பூஜை நடந்துகொண்டிருந்தபோது, மாலை வாங்கப் போன நானும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"அண்ணாச்சி, நம்பரைக் கூட்டிப் பாத்தியளா? எட்டு வரலியே?" என்று ஒருவர் கவலையோடு விசாரித்தார்.

"எட்டு வர விடுவனாவே? ஜோசியர்கிட்டக் காட்டித்தான் வாங்கினேன். ஆறு! சுக்கிரனுக்குள்ள நம்பராக்கும்" என்றார் கார்க்காரர். சொல்லிக்கொண்டே கடைசி இரண்டு இலக்கங்களின் மேல் தாராளமாகச் சந்தனத்தை அப்பினார். பணம் கட்டி வாங்கிய ஆறு அத்துடன் மறைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. இந்த நம்பர் யாருக்குச் சொந்தம்? காருக்கு உடையவர் தம்முடையது என்கிறார். ஜோசியர் கிரகத்தினுடையது என்கிறார். சர்க்கார் தங்களுடையது என்கிறார்கள். இதன் பழைய கதையைப் புரட்டிப் பார்த்தால் இவர்களில் ஒருவருக்கும் அது சொந்தமில்லை என்று தெரிகிறது. தெருவில் நடந்து போகிறானே, கார் வாங்க வகையில்லாத மனிதன், அவனுக்காக ஏற்பட்டது அது.

பாரிஸ் நகரத்துப் போலீஸ் அதிகாரி 1893ஆம் வருஷம் ஆகஸ்டு 14ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டார். மோட்டார் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயர், விலாசம், தங்களுக்குக் கொடுத்த எண் ஆகியவற்றை எழுதிய தகடு ஒன்றை வண்டியில் மாட்டவேண்டும் என்பது உத்தரவு. காரணம் மிகவும் எளிமையானது. குதிரை வண்டி ஒருவன்மேல் இடித்தால் துரத்திப் பிடித்துவிடலாம். வண்டிக்காரனையும் பேட்டையில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். மோட்டார் இடித்தால் புழுதிதான் மிஞ்சும். ஓடுகிறவனைக் காலால் பிடிக்க முடியாது, கண்ணாலாவது பிடிக்கவேண்டும். அதற்குத்தான் தகடு. நெதர்லாந்து 1898இல் தேசம் முழுவதற்கும் எண் கொடுத்தது. நியூயார்க்கில் 1901இல் எண்கூடக் கொடுக்கவில்லை. உடையவரே தம் பெயரின் முதலெழுத்துக்களை எழுதித் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே முதலெழுத்துள்ள கனவான்கள் எத்தனை பேர் கார் வாங்கிவிடப் போகிறார்கள் என்று நினைத்தார்கள் போலும்!

இங்கிலாந்தில் 1903ஆம் வருஷத்து மோட்டார் கார் சட்டம் அடுத்த வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. வண்டியைப் பதிந்து எண் வாங்கவேண்டும். பிரபுக்களுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. அதுவரையில் எண் மாட்டிக்கொண்டு திரிந்தவை வாடகைக் குதிரை வண்டிகள்தாம். தங்களையும் ஜட்காக்காரன் வரிசையில் நிறுத்துவதா என்று முணுமுணுத்தார்கள். ஆயினும் மனித மனம் விசித்திரமானது. அவமானம் என்று சொன்ன அதே வகுப்பிலிருந்து ஒரு பிரபு, லண்டனில் 'ஏ 1' என்ற முதல் எண் தமக்கே கிடைக்கவேண்டும் என்று இராத்திரி முழுவதும் கண் விழித்துக் காத்திருந்து வாங்கினார். அவர் தத்துவ ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தமையனார், ரஸ்ஸல் பிரபு. இருதார மணத்துக்காக 1901இல் பிரபுக்கள் சபையிலேயே விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றவரும் அவரேதான். பிற்காலத்தில் இந்தியா இலாகாவின் உதவி மந்திரியாகவும் இருந்தார். இன்றைக்கு 'ஃபேன்ஸி நம்பர்' என்று ஆலாய்ப் பறக்கிறவர்களுக்கெல்லாம் அவரே ஆதிகுரு.

நம் சென்னைப் பட்டணத்துக் கதை இதைவிட ரசமானது. பட்டணத்துத் தெருக்களில் 1901இல் முதன்முதல் மோட்டார் ஓட்டியவர் பாரி கம்பெனி டைரக்டர் யார்க் துரை என்றும், 'எம்.சி. 1' என்ற முதல் எண்ணைப் பெற்றவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்றும், 'எம்.சி. 3' வாங்கிய கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரே இந்தியர்களில் முதல் கார்க்காரர் என்றும் சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இந்த ஒன்றையும் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். துறைமுகக் கச்சேரியில் மாதம் முப்பது ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞனின் மேதையைக் கண்டு, அவன் இங்கிலாந்து போக உதவியவர்களில் ஒருவர் ஸ்பிரிங் துரை. அதே இளைஞர் 1919இல் நோயாளியாகத் திரும்பி வந்தபோது, சேத்துப்பட்டில் இடம் கொடுத்துப் பராமரித்தவர்களில் ஒருவர் நம்பெருமாள் செட்டியார். அந்த இளைஞர் கணித மேதை ராமானுஜன்.

இடையில், லண்டனில் அவர் படுத்திருந்தபோது பேராசிரியர் ஹார்டி ஒரு டாக்ஸியில் பார்க்கப் போனார். வந்த வண்டியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். "இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான்" என்று படுக்கையிலிருந்தே பதில் வந்தது. ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனம். ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனம். வண்டி எண்ணைக் கூட்டிப் பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கூட்டுகிறவர்கள் எல்லாரும் ராமானுஜன் மாதிரிக் கூட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே சட்டம் வைத்துக்கொண்டிருந்த நிலைமை 1914ஆம் வருஷத்து இந்திய மோட்டார் வண்டிச் சட்டத்தோடு தீர்ந்தது. அதற்குப் பின் வந்த 1939ஆம் வருஷத்துச் சட்டம் மாகாணங்களுக்கு எழுத்துக்களைப் பங்கிட்டுக் கொடுத்தது. சென்னை மாகாணத்துக்கு எம்.எஸ்., எம்.டி. என்று ஆரம்பிக்கும் வரிசைகள் வந்தன. அதோடு மூன்றாவது எழுத்து ஒன்று, பிறகு நாலு இலக்கம் வரை. பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகன் ஓட்டி வரும் காரைக் கவனித்தால் கறுப்புப் பலகையில் வெள்ளையாக இந்த எழுத்துக்கள் தெரியும். அந்நாளில் எங்கள் பக்கத்தில் காருக்கு 'பிளஷர்' என்றே பெயர். சாரல் காலத்தில் பிளஷரில் குற்றாலம் போனவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் செங்கோட்டை. 1956 நவம்பர் முதல் தேதி வரையில் அது மலையாளச் சீமையைச் சேர்ந்த ஊர். ஆகவே எதிரே வரும் வண்டியின் எழுத்து அங்கே மாறிவிடும். ராஜ்யங்களின் எல்லையைக் கல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களைவிட மோட்டாரின் நெற்றியைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களே அதிகம்.

மாநிலத்துக்கு 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்ற பெயர் சூட்டப்பட்ட பிறகு 'எம்' போய் 'டி' வந்தது. எம்.ஜி.ஆரின் அம்பாஸிடர் காரின் டி.எம்.எக்ஸ். 4777 அந்தக் காலத்தது. தியாகராய நகர் நினைவு இல்லத்தில் அந்த வண்டி இன்னும் நிற்கிறது. பிறகு 1988ஆம் வருஷத்துச் சட்டம் வந்து, 1989 ஜூலை முதல் அமலாயிற்று. அதன் பிறகுதான் டி.என். என்ற எழுத்தும், ஆபீசுக்கு ஓர் எண்ணும் என்று இப்போதைய ஏற்பாடு. திருநெல்வேலிக்கு 72, தென்காசிக்கு 76, சங்கரன்கோவிலுக்கு 79. திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தென்காசி ஜில்லா ஆகிவிட்டோம். ஆனாலும் எங்கள் ரத வீதியில் இன்று ஒரு மணி நேரம் நின்றால் 72, 76, 79 மூன்றையும் பார்த்துவிடலாம். 79 வைத்திருப்பவர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பூவுக்கும் விசைத்தறிக்கும் புற்றுமண் பிரசாதத்துக்கும் பெயர் பெற்ற ஊருக்கு எண்ணும் ஒன்று இருக்கட்டுமே!

இதுவரை சொன்னது எண்ணின் சரித்திரம். எண் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் ஊரில் ஒரு தறிக்காரர். வயது முப்பத்தெட்டு. இராத்திரி ஷிப்டு முடித்து விடியற்காலையில் ராஜபாளையம் சாலையோரமாக நடந்து வந்தார். ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. டீக்கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் பார்த்திருக்கிறார். "வெள்ளைக் கார். நம்பரை நல்லாத்தான் பாத்தேன். தங்கக் கலர்ல வளைச்சு வளைச்சு எழுதியிருந்தான், நம்பரா கோலமான்னே புரியலை" என்றார். போலீசார் விசாரித்தார்கள். வெள்ளைக் கார்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. விஷயம் அதோடு நின்றது.

சட்டத்தில் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இடித்த வண்டி இன்னதென்று தெரியாவிட்டால் சர்க்கார் ஏற்பாட்டில் ஒரு தொகை உண்டு. உயிர் போனால் 5,000 ரூபாய் என்று 1982இல் ஆரம்பித்தார்கள். 1988ஆம் வருஷத்துச் சட்டம் அதை 8,500 ஆக்கியது. 1994இல் 25,000 ஆயிற்று. அதன் பிறகு இருபத்தெட்டு வருஷம் யாரும் அதைத் தொடவில்லை. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் இரண்டு லட்சம். பலத்த காயத்துக்கு ஐம்பதினாயிரம். தறிக்காரர் போனது அதற்கு முன்னால். தாலுகாக் கச்சேரிக்கும் கலெக்டர் கச்சேரிக்கும் நடந்து, அவர் மனைவிக்குக் கிடைத்தது இருபத்தையாயிரம்.

எண் தெரிந்திருந்தால்? வெறும் நாலு இலக்கம் தெரிந்திருந்தால் பதிவுப் புத்தகத்தில் உடையவர் பெயர் கிடைக்கும். உடையவரைப் பிடித்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கிடைக்கும். மூன்றாமவருக்கான இன்ஷ்யூரன்ஸ் 1946 ஜூலை முதலே இந்த நாட்டில் கட்டாயம். வழக்கை விசாரிக்கத் தனி மன்றம் அமைக்க 1956ஆம் வருஷத்துத் திருத்தத்தில் வழி செய்தார்கள். அந்த மன்றத்தில் கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கிறவர் என்றால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதினாயிரம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், மிச்சம் எண்பதினாயிரம். முப்பத்தாறிலிருந்து நாற்பது வயது வரை அதைப் பதினைந்தால் பெருக்கவேண்டும் என்பது 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வாய்பாடு. பன்னிரண்டு லட்சம்! வருங்காலத்தில் கூலி உயர்ந்திருக்கும் என்பதற்காகச் சேர்ப்பது வேறு. பன்னிரண்டு லட்சத்துக்கும் இருபத்தையாயிரத்துக்கும் நடுவில் நின்றது தங்க வர்ணத்தில் வளைத்து எழுதிய நாலு இலக்கம்.

அந்த அம்மாள் பூக்கட்டிப் பிழைக்கிறாள். "எல்லா நம்பரும் வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டாவது யாராச்சும் பாத்திருந்தா, நானே தேடியிருப்பேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நம்பர் பலகை விதிகளைப் படித்தால் அவை சர்க்காரின் வெட்டி வேலையாகத் தோன்றுவதில்லை. காரில் ஒவ்வோர் எழுத்தும் 65 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிப்பு 10, இடைவெளி 10 என்று வைத்திருக்கிறார்கள். சொந்தக் காருக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகைக் காருக்கு மஞ்சளில் கறுப்பு, மின்சாரக் காருக்குப் பச்சை. பெயர், படம், கட்சிச் சின்னம், 'போலீஸ்', 'பிரஸ்' என்ற விருதுகள் ஒன்றும் அந்தப் பலகையில் கூடாது. இந்த ஒட்டு வேலைகளுக்காகச் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் 2024 மே மாதம் அபராதம் போட ஆரம்பித்தபோது ஊரெல்லாம் ஒரே கூச்சல். 2001இல் விதியில் சேர்த்து, 2004இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்து, 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கெல்லாம் கம்பெனியாரே மாட்டிக் கொடுக்கும் உயர் பாதுகாப்புப் பலகை இன்னொன்று. சக்கர முத்திரை பதித்த அலுமினியத் தகடு அது. கழற்ற முயன்றால் பூட்டு உடைந்துபோகும். மறுபடி மாட்ட முடியாது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி வளைத்து எழுதிக்கொள்ளும் பிரகிருதிகளையும் பார்த்திருக்கிறேன்.

பலகையில் எழுத்து ஆங்கிலத்திலும் எண் நாம் வழக்கமாக எழுதும் இலக்கங்களிலும் இருக்கவேண்டும் என்பது விதி. 'த.நா.' என்று தமிழில் எழுதிக்கொண்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. ராஜபாளையம் சாலையில் அடிபட்டவனைத் தூக்க ஓடிவருகிற கிழவிக்குத் தமிழ் எழுத்துத்தானே தெரியும் என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே வண்டி நாளைக்கு நாகபுரியில் ஒருவனை இடித்துவிட்டு ஓடினால் அங்கேயும் ஒரு கிழவி இருப்பாளே! இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது அந்த நாலு இலக்கம்தான். தமிழ்ப் பற்று மேலோங்கி இலக்கங்களையும் பழைய தமிழ் எண்களில் எழுதுகிறார்கள் சிலர். அவற்றை நாகபுரிக் கிழவி மட்டுமல்ல, எங்கள் ஊர்ப் பட்டதாரியும் படிக்கமாட்டான்.

எண்ணே இல்லாத கார்களும் இந்த நாட்டில் வெகு காலம் ஓடின. ஜனாதிபதியும் கவர்னர்களும் போகும் வண்டிகளில் எண்ணுக்குப் பதில் நாலு சிங்கங்கள் இருந்தன. சிங்கத்தைப் பார்த்து வழக்குப் போட முடியுமா என்று ஒரு பொதுநல வழக்கு டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அந்த வண்டிகளையும் பதிந்து எண்ணைத் தெரியும்படி வைக்கவேண்டும் என்று 2018இல் தீர்ப்பாயிற்று. பாரிஸில் உத்தரவு பிறந்து நூற்று இருபத்தைந்து வருஷம் கழித்து!

கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய சங்கதி இன்னும் ஒன்று உண்டு. என் சிநேகிதர் ஒருவர் பழைய காரைத் தரகர் மூலமாக விற்றார். பணத்தை எண்ணி வாங்கி, முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். ஆறு மாதம் கழித்து, அவர் வாழ்க்கையில் பார்த்திராத ஊரில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதம் என்று அவர் செல்பேசிக்குத் தகவல் வந்தது. "வித்த வண்டிக்கு நான் எப்படி அண்ணாச்சி பொறுப்பு?" என்று என்னிடம் வந்து சண்டை பிடித்தார், ஏதோ நான்தான் சட்டம் எழுதினவன் மாதிரி.

கார் கை மாறிவிடும், எண் மாறாது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி ஒருவர்பின் ஒருவராகப் பல கை மாறியிருந்தது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. விபத்துக்கு நஷ்ட ஈட்டைப் புத்தகத்தில் பெயருள்ள முதல் ஆசாமிதான் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு. அடிபட்டவன் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலையக்கூடாது என்பதே நீதிபதிகள் சொன்ன காரணம். விற்றவர் 29ஆம் படிவத்தில் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30ஆம் படிவத்தில் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் ஆட்சேபமில்லைச் சான்று வேறு வாங்கவேண்டும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும் சிநேகிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அபராதத்தோட போச்சே" என்று மெள்ளச் சொன்னார். பிறகு மேஜைமேல் இருந்த என் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தாமே மாட்டிக்கொண்டு, தரகருடைய போன் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.